பழைய கம்ப்ரசரை எடைக்குப் போடும் முன்: ராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் எட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். இங்கே வீசுவது உப்புக் காற்று. மதுரையில் பத்து வருடம் ஓடும் ஏசி இங்கே நாலைந்து வருடத்தில் படுத்துவிடும். அப்படிப் படுத்த மூன்று அவுட்டோர் யூனிட்டுகளின் கம்ப்ரசர்களை (கேஸை அழுத்திச் சுற்றவிடும் கறுப்பு மோட்டார் உருண்டை) முதல் தடவை வாசலுக்கு வந்த வண்டிக்காரரிடம் ஒன்று 350 ரூபாய் வீதம் கொடுத்துவிட்டேன். இடம் காலியானால் போதும் என்றிருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒன்றுக்கு வாரண்டி முடியவே இல்லை. இன்னொன்று நன்றாக ஓடக்கூடியது, கெட்டிருந்தது அதைச் சுற்றி இருந்த காயில் (கேஸ் ஓடும் குழாய் வரிசை) மட்டும்தான். மூன்றாவது ஒன்றுதான் உண்மையில் எடைக்குப் போட வேண்டியது. அதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். மூன்றும் ஒரே விலைக்குப் போயின. விடுதி, மீன் கம்பெனி, பெட்டிக்கடை ஃப்ரீசர், வீட்டு பிரிட்ஜ் என்று கம்ப்ரசர் வைத்திருக்கும் யாருக்கும் இந்த நஷ்டம் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஸ்பேனரைத் தொடும் முன் பில்லைத் தேடுங்கள்

ஏசிக்கும் பிரிட்ஜுக்கும் பொதுவான வாரண்டி ஒரு வருடம் என்றாலும், கம்ப்ரசருக்கு மட்டும் தனியாக நீண்ட வாரண்டி இருக்கும். ஐந்து வருடம் சாதாரணம். இன்வெர்ட்டர் ஏசிகளில் பத்து வருடம் வரை பல கம்பெனிகள் தருகின்றன. வாங்கிய பில், வாரண்டி அட்டை, யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள சீரியல் எண் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பேசி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

இந்தத் தகடு நம் ஊரில் சீக்கிரம் அரித்துப் போகும், எழுத்தே தெரியாது. அதனால் புது ஏசி மாட்டுகிற அன்றைக்கே தகட்டைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். பில்லையும் அப்படியே. கடைகளில் தரும் பில் தாளில் மை ஒரு வருடத்தில் வெளுத்துவிடுகிறது.

வாரண்டியில் மாற்றிக் கொடுத்தால் பழைய கம்ப்ரசரைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அது நியாயம்தான். கேஸ் நிரப்பவும் ஆள் கூலிக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளி மெக்கானிக்கை வைத்து மாற்றுகிறீர்களா? வேலை தொடங்கும் முன்பே, "தம்பி, பழசு எனக்கு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழைய கம்ப்ரசர் அவர் வண்டியில் ஏறிவிடும். அது வழக்கமாகவே இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, நாம்தான் கேட்பதில்லை. வேண்டாம் என்றால் அதற்கு ஒரு தொகை பேசிக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்.

2. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

அதிகப் பணம் இருக்கும் இடம் இதுதான். ஓடும் கம்ப்ரசரை மெக்கானிக்குகள் வாங்குவார்கள். ஓடாததைப் பழைய இரும்புக் கடைக்காரர் மட்டுமே வாங்குவார். இரண்டு விலைக்கும் ஒப்பீடே கிடையாது.

கடலோரத்தில் ஏசி கெடுவதற்கு முக்கியக் காரணம் உப்பு அவுட்டோர் காயிலை அரித்து ஓட்டை போடுவது. கேஸ் இறங்கிவிடும், குளிர் வராது. பார்க்கிறவர் "கம்ப்ரசர் போயிருச்சுக்கா" என்பார். சில நேரம் போயிருப்பது மோட்டார் ஓட உதவும் கப்பாசிட்டர் என்ற சின்ன டப்பா ஒன்றுதான். பிரிட்ஜில் ரிலேயும் (மோட்டாரைக் கிளப்பும் ஸ்விட்ச்) ஓவர்லோடும் (சூடானால் நிறுத்தும் ஸ்விட்ச்) கெட்டாலும் அப்படித்தான், கம்ப்ரசர் 'டிக்' என்று ஒலி எழுப்பி நின்றுவிடும்.

மல்டிமீட்டர் (மின் அளவு பார்க்கும் கருவி) தெரிந்த எவரும் சோதிக்கலாம். ஆனால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஏசி என்றால் மெயினையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கப்பாசிட்டரிலும் இன்வெர்ட்டர் போர்டிலும் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு மின்சாரம் நிற்கும். இதில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். எனக்கு ஒரு யூனிட் பார்க்க 200 ரூபாய் ஆனது.

கம்ப்ரசரின் மூன்று முனைகள் சி (காமன்), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்). சாதாரண கம்ப்ரசரில் சி-ஆர் அளவையும் சி-எஸ் அளவையும் கூட்டினால் ஆர்-எஸ் அளவு வர வேண்டும். ஒன்று 2 ஓம், இன்னொன்று 4 ஓம் என்றால் மூன்றாவது 6 ஓம். இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று அளவும் ஒன்றுபோல இருக்கும். அடுத்து, துருவைச் சுரண்டிவிட்டு கம்ப்ரசர் உடம்பின் வெறும் இரும்பில் மீட்டரின் ஒரு கம்பியை வைத்து, மற்றதை சி, ஆர், எஸ் ஒவ்வொன்றிலும் வையுங்கள். எதிலாவது தொடர்பு காட்டினால் வயண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) எரிந்து உடம்போடு ஒட்டிவிட்டது, அது எடைக்குத்தான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சூடாக இருக்கும் ஏசி கம்ப்ரசரில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் திறந்திருக்கும். அப்போது மீட்டரை வைத்தால் கம்பி அறுந்ததுபோலவே காட்டும். சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். என் இரண்டாவது கம்ப்ரசருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வெயிலில் ஓடி நின்ற கையோடு பார்த்துவிட்டு "ஓப்பன்" என்று சொல்லிவிட்டார்கள்.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் பிஸ்டன் இறுகிப்போய் ஜாம் ஆகியிருக்கலாம், அல்லது சுற்றும், ஆனால் பம்பிங் இருக்காது. அதனால் ஓட்டிக் காட்டி விற்பதுதான் நல்லது. இன்னும் கழற்றாமல் யூனிட்டிலேயே இருக்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினால் விலை கூடும். ஓடுகிறது என்று தெரிந்த கம்ப்ரசரைக் கழற்றியவுடன் குழாய் வாய்களை அடைத்துவிட வேண்டும். நசுக்கி வெல்டு வைப்பது சிறந்தது. ரப்பர் மூடியாவது போடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதிலும் ஆர் 134ஏ கேஸுக்கான எண்ணெய் வேகமாக இழுக்கும். நம் ஊர்க் காற்றில் இரண்டு நாள் வாய் திறந்து கிடந்த கம்ப்ரசரை விவரம் தெரிந்த மெக்கானிக் தொடமாட்டார்.

3. கேஸை நீங்கள் திறக்க வேண்டாம்

குழாயை அறுத்து "புஸ்" என்று கேஸை விடுவதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இப்போதைய வீட்டு பிரிட்ஜுகள் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரன். காற்றைவிடக் கனம், தரையோடு பரவும், ஒரு பொறி போதும். பின்பக்கம் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் இருந்தால் அதுதான். புது ஏசிகளில் இருக்கும் ஆர் 32-ம் தீப்பிடிக்கக்கூடியதே. பழைய ஏசிகளின் ஆர் 22 எரியாது. ஆனால் கேஸ் இருக்கும் குழாயில் வெல்டிங் தீ காட்டினால் நச்சுப் புகை வரும். ஒரு கிலோ ஆர் 22 வெளியே போனால் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயு செய்யும் சூட்டைச் செய்யும், ஓசோனையும் கெடுக்கும்.

ஓடும் ஸ்பிளிட் ஏசியாக இருந்தால் மெக்கானிக் வால்வை அடைத்துக் கேஸை அவுட்டோரிலேயே நிறுத்திவிடுவார். இதைப் பம்ப் டவுன் என்பார்கள். ஓடாதது என்றாலும், அவுட்டோரிலிருந்து கம்ப்ரசரைக் கழற்றுவது என்றாலும் கேஸ் உறிஞ்சும் மெஷினும் சிலிண்டரும் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். ஆர் 22 உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து வருவதால் பழைய ஏசி பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு அந்தக் கேஸ் வேண்டும். அதைச் சொல்லிக் கழற்றும் கூலியைக் குறைக்கலாம். நான் அப்படித்தான் பேசினேன்.

4. உள்ளே செம்பா, அலுமினியமா?

கடைக்காரர் இரும்பை வாங்கவில்லை. அந்தக் கறுப்பு உருண்டைக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை வாங்குகிறார். இது புரிந்தால் பேரம் பேச வரும்.

கணக்கு இப்படி. ஒரு பிரிட்ஜ் கம்ப்ரசர் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் செம்பு 700 கிராம், எண்ணெய் 300 கிராம், மீதி 7 கிலோ இரும்பு. அன்றைக்குச் செம்பு கிலோ 700 ரூபாய், இரும்பு 30 ரூபாய் என்றால், செம்புக்கு 490, இரும்புக்கு 210, ஆக 700 ரூபாய். வெட்டும் கூலியும் அவர் லாபமும் போக 450 முதல் 500 வரை கேட்பது நியாயம். அதாவது கிலோ 60 ரூபாய்க்குப் பக்கம்.

அதே கம்ப்ரசரில் அலுமினியக் கம்பி இருந்தால்? அலுமினியம் 300 கிராம், கிலோ 150 என்றால் 45 ரூபாய். இரும்பு 7.4 கிலோவுக்கு 222 ரூபாய். மொத்தமே 267. அவரால் கிலோ 25 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. நான் போட்டிருப்பது புரிவதற்கான எண்கள். செம்பு விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அன்றைய விலையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் எதைப் பார்த்தாலும் முதலில் சொல்வது "உள்ள அலுமினியம்தான்க்கா" என்பது. வெளியிலிருந்து பார்த்து அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்ப்ரசர் உடம்பில் இருக்கும் மாடல் எண்ணைப் போனில் தேடினால் சில கம்பெனிகளின் விவரத்தாள் கிடைக்கும், அதில் வயண்டிங் என்ன என்று இருக்கும். அது இல்லையென்றால் ஒரு வழி உண்டு. உங்களிடம் ஒரே மாதிரி நாலைந்து இருந்தால் ஒன்றை மட்டும் அவர் கடையில் உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். சுரண்டினால் உள்ளும் புறமும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. மேலே பூச்சும் சுரண்டினால் வெள்ளையும் என்றால் அலுமினியம். அந்த ஒன்றை வைத்து மற்றதற்கு விலை பேசுங்கள்.

வெளியே நீட்டியிருக்கும் குழாய்த் துண்டுகளைப் பார்த்து "இதுவே செம்பு, தனியா எடுத்துக்கலாம்" என்று நினைக்கும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறமாக இருந்தால் அதைக் கம்ப்ரசரோடு விடாதீர்கள், தனியாகச் செம்பு விலைக்குப் போடுங்கள். ஏசியின் காயிலும் அப்படியே. செம்புக் குழாயில் அலுமினியத் தகடு கோத்தது ஒரு விலை, முழுக்க அலுமினியமாக வரும் புது வகைக் காயில் வேறு விலை.

வீட்டில் நீங்களே கிரைண்டர் வைத்து வெட்டலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தடித்த இரும்பு, உள்ளே எண்ணெய், மிச்சம் மீதிக் கேஸ், தெறிக்கும் பொறி. ஒரு கம்ப்ரசரில் கூடுதலாகக் கிடைக்கும் இருநூறு ரூபாய்க்கு அந்த ஆபத்து தகாது.

5. எண்ணெய்

உள்ளே கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். கடைக்காரர் இதற்காக எடையில் கழிவு பிடிப்பார். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று பிடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடைக்கு என்று முடிவான கம்ப்ரசரை, கேஸ் போன பிறகு, குழாய் கீழே பார்க்கும்படி ஒரு கேனில் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் இறங்கிவிடும். அந்த எண்ணெயை மணலிலோ கடலிலோ ஊற்றாதீர்கள். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும்தான் நம் சோறு. கேனோடு பழைய எஞ்சின் ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.

6. எடை

கடைக்குப் போகும் முன்பே எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி, தராசு எந்தத் தெருவிலும் இருக்கிறது. மீன் ஏலம் எடுக்கும் உறவுக்காரரிடம் அரை மணி நேரம் தராசைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதுங்கள். பிரிட்ஜ் கம்ப்ரசர் 7 முதல் 10 கிலோ, ஒன்றரை டன் ஏசியின் ரோட்டரி (சுழலும் வகை) கம்ப்ரசர் சுமார் 12 கிலோ, பழைய ஜன்னல் ஏசியின் குண்டுக் கம்ப்ரசர் 25 கிலோவைத் தாண்டும்.

மேலே எண் எழுதியிருப்பதைப் பார்த்தாலே கடையில் பேச்சு மாறிவிடும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும், அதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்தை வைத்துப் பாருங்கள், ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும்.

பீஸ் விலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "எல்லாம் சேத்து பீஸுக்கு நானூறு" என்றால் 8 கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் ஒரே விலை என்று அர்த்தம்.

7. எங்கே கொண்டுபோவது?

குறைந்தது மூன்று இடத்தில் போனில் கேளுங்கள். "பழைய கம்ப்ரசர் என்ன ரேட்?" என்று கேட்டால் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். "ஏசி ரோட்டரி, செம்பு வயண்டிங், எண்ணெய் இறக்கியது, ஐம்பது கிலோ இருக்கு, கிலோ என்ன போடுவீங்க?" என்று கேளுங்கள்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்தாருக்கு ராமநாதபுரம் டவுன்தான் பொருத்தம். கீழக்கரை, ஏர்வாடிக்காரர்களுக்கும் அதுவே. தொண்டிப் பக்கம் என்றால் தேவகோட்டை, காரைக்குடியிலும் கேட்கலாம். சாயல்குடிக்காரர்கள் தூத்துக்குடியில் கேட்டுப் பாருங்கள்.

மதுரையில் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் நூறு கிலோவுக்கு 800 ரூபாய். வண்டி வாடகை அதைப் பல மடங்கு தின்றுவிடும். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மதுரை திரும்பும் மினி வேன் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். நானும் பக்கத்து இரண்டு விடுதிக்காரர்களும் சேர்ந்து ஒருமுறை அப்படி அனுப்பினோம். 180 கிலோ, வேன்காரருக்கு 700 ரூபாய். மிச்சம் இருந்தது, ஆனால் மிகப் பெரிதாக இல்லை.

புது பிரிட்ஜோ ஏசியோ வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்சேஞ்ச் விலையையும் கேளுங்கள். பழையது இல்லாமல் கடைசி விலை என்ன, இருந்தால் என்ன என்று தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மையான எக்ஸ்சேஞ்ச் தொகை வெளியே வரும். வீட்டு பிரிட்ஜ் ஒன்றே ஒன்று என்றால் பல நேரம் இதுவே லாபம். ஏனென்றால் கம்ப்ரசரைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டால் மீதி உடம்பை யாரும் வாங்குவதில்லை. அது கடைசியில் கருவேலங்காட்டில்தான் கிடக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உடம்பையும் சேர்த்து எடுப்பவருக்கே கொடுங்கள்.

8. காகிதமும் வரியும்

நல்ல கடைக்காரர் ஆதார் நகல் கேட்பார். கோபப்படாதீர்கள். அவுட்டோர் யூனிட் திருட்டு நடக்கிற காலம் இது, திருட்டுப் பொருளை அறிந்தே வாங்கினால் அவருக்கும் தண்டனை உண்டு. நகலின் குறுக்கே "பழைய கம்ப்ரசர் விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாங்கிய பில்லின் நகல் இருந்தால் பேச்சே இல்லை. இன்னொருவர் பொருளைச் சேர்த்து எடுத்துப்போனால் அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். விலை பேசி, எடை போட்டு, பணம் தரும்போது ஒரு கடையில் "ஜிஎஸ்டி பதினெட்டு பர்சன்ட் பிடிச்சிருக்கோம்" என்றார்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி உலோகக் கழிவு வாங்கினால் வரியைக் கட்ட வேண்டியவர் வாங்கும் வியாபாரிதான். பேசிய விலையிலிருந்து உங்கள் பங்கு என்று அதைக் கழிக்க முடியாது. அதனால் விலை பேசும்போதே "கைக்கு வர்ற தொகை எவ்வளவு?" என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கே ஜிஎஸ்டி எண் இருந்தால் கதை வேறு, நீங்கள் பில் போட வேண்டும். உங்கள் கணக்கரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரிட்ஜும் ஏசியும் மின்கழிவு விதிகள் 2022-க்குள் வருபவை. ஆயிரம் சாதனங்களோ அதற்கு மேலோ பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், நிறைய சேர்ந்தால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமும் விலை கேட்டுப் பாருங்கள், அவர்களே வண்டி அனுப்புவதும் உண்டு.

எடை, கிலோ விலை, மொத்தம், தேதி நான்கும் எழுதிய சீட்டு இல்லாமல் பணம் வாங்காதீர்கள். யுபிஐ-யில் வாங்கினால் அதுவே ஒரு சாட்சி.

9. எப்போது விற்பது?

ஓடும் கம்ப்ரசர் என்றால் மார்ச் முதல் மே வரை. வெயிலில் ஏசிகள் படுக்கும்போது மெக்கானிக்குகள் தேடி வருவார்கள். ஐப்பசி மழையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எடைக்குப் போவதற்கு அப்படிப் பருவம் இல்லை, செம்பு விலைதான் பருவம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். எஞ்சின் துண்டு, ரோப், இரும்பு என்று துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் குவிந்து கிடக்கும். அந்த நெரிசலில் நம் நாலு கம்ப்ரசரை நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது, வாய்க்கு வந்த விலையைச் சொல்வார்கள். தடை முடிந்து ஒரு பதினைந்து நாள் கழித்துப் போங்கள். காலை பத்து மணிக்குள் போனால் அன்றைய செம்பு விலை அவர்கள் கைக்கு வந்திருக்காது, நேற்றைய விலையில் ஜாக்கிரதையாகக் குறைத்துப் பேசுவார்கள். நான் இப்போதெல்லாம் பதினொரு மணிக்கு மேல்தான் போகிறேன்.